ஐயா இருந்த தெரு: பினாங்குத் தெரு பற்றி நம் ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் இது தொடங்கியது. இலை போட்டு உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர், "அண்ணே, தைப்பூசத்துக்குப் பினாங்கு போறோம். எங்க ஐயா அங்கதான் இருந்தாகளாம். எங்க போய்ப் பாக்கணும்?" என்றார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்வரிசையிலிருந்து இன்னொருவர் அதே கேள்வியோடு எட்டிப் பார்த்தார். பாயசம் வருவதற்குள் நாலு பேர். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. தேவகோட்டைக்காரன், நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார் வீட்டுப் பிள்ளை, அங்கே மூன்று தடவை போய்வந்தவன், அங்கிருந்து வந்த கடிதங்களைப் படித்து வளர்ந்தவன். அவ்வளவுதான். மலேசியாவின் பினாங்கில் நம் ஐயாக்கள் (எங்களில் தாத்தாவை ஐயா என்போம்) வட்டிக்கடை வைத்திருந்த தெருவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பினாங்கு ரோடும் பினாங்குத் தெருவும் ஒன்றுதானே?

இல்லை. பாதிப் பேர் தடுமாறும் இடம் இதுதான். மலாயில் ஜாலான் என்றால் ரோடு, லெபு என்றால் தெரு. ஜாலான் பினாங்கு வேறு, லெபு பினாங்கு வேறு. இரண்டும் ஜார்ஜ் டவுனுக்குள்தான் இருக்கின்றன. நமக்கு வேண்டியது லெபு பினாங்கு. டாக்ஸியில் ஏறி "பினாங்கு ரோடு" என்று சொன்னால் செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பு விற்கும் கடைக் கூட்டத்துக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். முதல் பயணத்தில் எனக்கு அதுதான் நடந்தது. செண்டோல் நன்றாகவே இருந்தது. தெருவைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

இன்னொன்று. பினாங்கு என்பது தீவின் பெயர், நகரத்தின் பெயர் ஜார்ஜ் டவுன். நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துப் பினாங்கு என்றே சொல்லிவிட்டார்கள். தெருவை எங்கள் வீட்டில் செட்டித் தெரு என்பார்கள்.

கடற்கரையில் இருக்கும் தெரு என்றார்கள். கடலே தெரியவில்லையே?

தெரியாது, ஆனால் காற்று தெரியும். சாயங்காலம் குறுக்குச் சந்துகளின் வழியாக உப்புக்காற்று வரும்.

கடல் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து உள்ளே நடந்தால் முதலில் வெல்ட் கீ, பிறகு விக்டோரியா தெரு, அதன் பின் பீச் தெரு, அதையும் தாண்டித்தான் பினாங்குத் தெரு. பீச் தெருவுக்கு மலாயிலும் லெபு பந்தாய் என்றே பெயர். பந்தாய் என்றால் கடற்கரை. ஒரு காலத்தில் அலை அங்கேதான் வந்து மோதியது. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கி வெல்ட் கீ படித்துறையைக் கட்டினார்கள். அதோடு கடல் இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டது, கடற்கரைத் தெரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே தங்கிவிட்டது.

ஆகவே முதலில் போன நம் ஆட்கள் வாசலில் நின்றால், ஒரு தெரு தாண்டிக் கப்பல் நின்றிருக்கும். சரக்கு இறங்குவதையும் அதற்கு யார் பணம் தேடி அலைகிறார்கள் என்பதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். லேவாதேவிக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

தெருவுக்கு எத்தனை வயது?

1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவில் இறங்கினார். அப்போது அது கெடா சுல்தானின் பகுதி. கரையெல்லாம் காடு. காட்டை வெட்ட ஆட்களுக்கு ஆசை காட்டுவதற்காக, பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்குப் பிடித்த கதைதான். காசு எங்கே விழுந்ததோ அங்கேயே பிற்பாடு நம் ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள் பாருங்கள்.

லைட் போட்ட பழைய தெருக்கட்டத்துக்குள் அடங்கியதுதான் இந்தத் தெரு. பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு, மார்க்கெட் தெரு எல்லாம் அந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. பிட் தெருவுக்கு இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர்.

நம் ஆட்கள் ஏன் அங்கே போனார்கள்? எப்படிப் போனார்கள்?

நம் ஊரில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, கொண்டுவிக்கப் போவது. "அப்பச்சி எங்கே?" என்றால் "கொண்டுவிக்கப் போயிருக்காக" என்பார்கள். உப்பும் அரிசியும் கொண்டுபோய் விற்ற காலத்துப் பேச்சு, வட்டிக்கடை வைத்த பிறகும் மாறவில்லை. முதலில் இலங்கை, பிறகு பர்மா, மலாயா, சைகோன் என்று தொழில் விரிந்தது.

பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே நம்மவர்கள் இருந்தார்கள். சுங்கம் இல்லாத துறைமுகம் என்பதால் எல்லா நாட்டுச் சரக்கும் வந்து இறங்கியது. எதிர்க்கரையில் பேராக் பக்கம் ஈயம் கிடைத்தது, நூற்றாண்டு திரும்பியபோது ரப்பர் வந்தது. சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கடைக்கும் கைமாற்றுப் பணம் வேண்டும். பீச் தெருவில் சார்ட்டர்டு பேங்க் 1875இல் வந்தது, ஹாங்காங் பேங்க் 1884இல் வந்தது. ஆனால் அந்தப் பெரிய கதவுகளுக்குள் ஒரு சின்னச் சீனக் கடைக்காரர் நுழைந்து கடன் கேட்க முடியாது. பேங்கில் நம்மவர் வாங்குவார், ஒரு தெரு உள்ளே வந்து கடைக்காரருக்குக் கொடுப்பார். இரண்டு வட்டிக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில்தான் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேக்குத் தூண்கள் நிமிர்ந்தன. நான் கொஞ்சம் சுருக்கிச் சொல்கிறேன், ஆனால் தவறாகச் சொல்லவில்லை.

போனது நாகப்பட்டினம் வழியாக. ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணம், பெரும்பாலோருக்கு மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கை. வயதானவர்கள் இன்னும் சொல்லும் கப்பல் பெயர் ரஜூலா. 1926இல் கட்டியது, 1973 வரை ஓடியது. அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல்வழிக் கதை முடிந்தது.

கிட்டங்கி, கிட்டங்கி என்கிறார்களே, அது என்ன?

சரக்கு போடும் கிடங்குதான் சொல்லின் பொருள். நம்மவர்கள் அங்கே சரக்கு போடவில்லை, தங்களைப் போட்டுக்கொண்டார்கள்.

தெருப் பக்கம் குறுகலாகவும் உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளமாகவும் போகும் கடைவீடு. முன்னால் அஞ்சடி. கடைவீடுகளின் முன்பக்கம் மழையும் வெயிலும் படாமல் நடக்க விட்ட தாழ்வாரத்துக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர் அது. ஐந்தடி அகலம், அதனால் அஞ்சடி. உள்ளே நுழைந்தால் நீளக்கூடம், இரண்டு பக்கச் சுவரோரமும் வரிசையாகப் பெட்டியடிகள். ஒரு பெட்டியடி என்றால் ஒரு மரப் பீரோ, ஒரு இரும்புப்பெட்டி, சப்பணமிட்டு உட்கார்ந்து எழுதத் தாழ்ந்த சாய்மேசை, ஒரு பாய். ஒரு கடை முழுக்க அவ்வளவுதான். பகலில் அந்தப் பாயில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பணம் புரளும், ராத்திரி அதே பாயில் படுக்கை. ஒரே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகள் இருக்கும். பின்கட்டில் பொதுச் சமையல், கிணறு அல்லது குழாய், துணி காயப்போடும் கொடி.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு. இது தெரு முகவரி இல்லை. குடும்பத்துப் பெரியவர்களின் தலைப்பெழுத்துகளைக் கோத்து வைத்த கடைப் பெயர். கடன் வாங்கிய சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அந்த எழுத்துகள்தான் தெரியும்.

வேலைக்கு ஏணி வரிசை இருந்தது. பெட்டியடிப் பையனாகப் போவார்கள். தண்ணீர் எடுத்து வைப்பதும் பெரியவர்களுக்கு வெற்றிலை வாங்கிவருவதும் அவன் வேலை. கணக்கு எழுதக் கற்றால் அடுத்தாள், அதற்கு மேல் மேலாள், அதாவது ஏஜெண்டு. முதலாளி பெரும்பாலும் இங்கே ஊரில் இருப்பார். மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுதி மூன்று வருஷத்துக்கு அனுப்புவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிடுவார்கள். லாபத்தில் ஒரு பங்கு உண்டு. மூன்று வருஷம் முடிந்தால் ஐந்தொகை என்ற முடிவுக் கணக்கைப் போட்டு, அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏற வேண்டும். இதை "கணக்கு" என்றே சொல்வார்கள். "மூணு கணக்கு இருந்தாக" என்றால் ஒன்பது வருஷம்.

என் ஐயா இரண்டு கணக்கு இருந்தவர். பெட்டியடியைப் பற்றிக் கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார்: பக்கத்துப் பெட்டியடிக்காரர் தூக்கத்தில் வட்டி சொல்வாராம். "ரெண்டரை, ரெண்டரை" என்று.

வட்டிக்கு விட்டவர்கள்தானே, ஏழைகளை உறிஞ்சியவர்கள் என்று சொல்கிறார்களே?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் இளையவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி.

பேங்கு கதவடைத்தவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள், அதுவும் பல சமயம் அடமானம் இல்லாமல், வெறும் புரோநோட்டின் பேரில். சீனக் கடைக்காரர்கள், ஈயச் சுரங்கக்காரர்கள், சின்ன ரப்பர் தோட்டக்காரர்கள், அரசாங்கக் குமாஸ்தாக்கள் எல்லாரும் வாங்கினார்கள். மலாயாவின் சின்ன வியாபாரம் வளர்ந்ததில் இந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை.

அதே சமயம், விலை விழுந்த காலத்தில் கடன்பட்டவர் நிலமும் கடையும் நம்மவர் கைக்கு வந்தன. இது பர்மாவில் உச்சத்துக்குப் போனது. 1929க்குப் பிறகு நெல் விலை சரிந்ததும், 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. பணமாகத் திரும்பியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் உழுதவன் கண்ணுக்கு நிலத்தைப் பறித்தவன் யார் என்பதுதான் தெரியும். மலாயாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913இலேயே வந்ததற்கு, நிலம் கடனுக்காக வெளியார் கைக்குப் போகக் கூடாது என்ற பயம் ஒரு காரணம்.

எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஒரு மலாய்க்காரர் பேர் வருகிறது. பற்று, வரவு, பற்று, வரவு என்று போய், ஒரு பக்கத்தில் நின்றுவிடுகிறது. மிச்சம் அடைபட்டதா, தள்ளுபடியா, அவர் வீடு போனதா என்று பேரேடு சொல்லவில்லை. நம் வளவுத் தூணை, அதாவது வீட்டு நடுமுற்றத்துத் தூணை, தொடும்போது அந்தப் பக்கமும் ஞாபகத்துக்கு வரட்டும் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் சொந்தத்திலேயே நிறைய இருக்கிறார்கள், அது வேறு சண்டை.

பெண்களைக் கூட்டிப்போகவில்லையா?

நெடுநாள் வரைக்கும் இல்லை. கிட்டங்கி ஆண்கள் மட்டும் இருக்கும் இடம். பெண்களும் பிள்ளைகளும் ஊரில். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற புருஷனை வைத்துத்தான் இங்கே குடும்பங்கள் நடந்தன. நம் ஊர்ப் பெரிய வீடுகளை யார் நிர்வாகம் செய்தார்கள் என்று யோசித்தால் விடை தெரிந்துவிடும். கொத்தனாருக்குக் கூலி கொடுத்ததும் வெளிநாட்டுக் கடிதத்துக்குக் கணக்கப்பிள்ளையை வைத்துப் பதில் எழுதியதும் அப்பத்தாக்கள்தான். 20ஆம் நூற்றாண்டில் சிலர் குடும்பத்தோடு போய்த் தங்கினார்கள், அவர்களில் சிலரின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது.

கோயில் வீடும் வெள்ளி ரதமும் பற்றிச் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் முக்கியமாகக் கேட்பது இதைத்தான்.

நம்மவர்கள் போன இடமெல்லாம் முதலில் கணக்கு, உடனே முருகன். வருமானத்தில் மகமை என்று ஒரு பங்கு கோயிலுக்குப் போய்விடும். பினாங்கில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் நகரத்துக்கு வெளியே, அருவி இருக்கும் மலையடிவாரத்து வாட்டர்ஃபால் ரோட்டில் 1857இல் எழுந்தது. உள்ளே போய் நின்றால் நம் ஊர் வளவுக்குள் நிற்பது போலவே இருக்கும், தூணும் மரமும் அப்படி. நகரத்துக்குள் பினாங்குத் தெருவில் இருப்பது கோயில் வீடு. உற்சவர் புறப்படும் இடம் அது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். காளைகள் இழுக்கும். அந்த ரதம் காரைக்குடியில் செய்து கடல் வழியாகப் போனது, 1894இல். நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேலாக அதே ரதம்தான். வழி நெடுகத் தேங்காய் உடைப்பார்கள். தேங்காய் என்றால் நம் ஊரில் ஒன்றிரண்டு உடைப்பது மாதிரி நினைத்துவிடாதீர்கள். ரோட்டோரம் மலை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் நெருங்கும்போது பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இரண்டு கையாலும் எடுத்து வீசுவார்கள். தார்ரோடு முழுக்க இளநீர் ஓடும், கால் வழுக்கும். உடைப்பவர்களில் சீனர்கள் நிறையப் பேர். வேண்டுதல் பலித்தது என்று வருஷா வருஷம் உடைக்கும் சீனக் குடும்பங்கள் உண்டு. தேங்காய் ஓடுகளை அள்ளிக் கூட்டும் வண்டி பின்னாலேயே வரும்.

ரதம் நின்று நின்று போகும். காலையில் கிளம்பியது மலையடிவாரம் சேர இரவாகிவிடும். பூசத்துக்கு மறுநாள் திரும்பவும் கோயில் வீட்டுக்கு வரும். கிளம்பும்போது பார்ப்பதா, திரும்பும்போது பார்ப்பதா என்று கேட்பார்கள். நான் கிளம்பும் காலையைச் சொல்வேன். விடியும் முன்பு தெருவில் நின்றால் நாதஸ்வரம் அந்தக் குறுகல் கட்டடங்களுக்குள் மோதிக் கேட்பது தனி. செருப்பு பழையதாகப் போட்டுப் போங்கள்.

பினாங்கில் இப்போது மலைமேல் கோயிலுக்கு ஒரு தங்க ரதமும் இருக்கிறது, அது வேறு கோயிலுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எது பெரியது என்ற வாக்குவாதத்தில் இறங்கவே வேண்டாம்.

அது செட்டியார் தெரு மட்டும்தானா? வேறு யாரும் இல்லையா?

நாம் பேசுவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் நாம் அங்கே பலரில் ஒருவர், அதிலும் பின்னால் போனவர்கள்.

நமக்கு முன்பே போய்க் காலூன்றியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். சூலியா தெரு அவர்கள் பெயரால் வந்தது. பிட் தெருவில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. நாகூர் ஆண்டவர் பேரில் சூலியா தெருவில் ஒரு தர்காவும் இருக்கிறது. கப்பலில் போன தமிழர்களுக்கு நாகூர் எவ்வளவு முக்கியம் என்பது நாகப்பட்டினத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், சாதி மதம் பார்க்காமல் வேண்டிக்கொண்டுதான் ஏறினார்கள். இரண்டு தெரு தள்ளிக் குயின் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். அதே பிட் தெருவில் சீனர்களின் கருணைத் தெய்வத்துக்கான கோயிலும், அந்தத் தெரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும். பத்து நிமிஷ நடையில் எல்லாச் சாமியையும் பார்த்துவிடலாம்.

தண்ணீர்ப் பக்கம் வெல்ட் கீயில் சீனக் குலங்களின் மரப்பாலக் குடியிருப்புகள் இருக்கின்றன. கடலுக்குள் கம்பு நட்டு அதன்மேல் வீடு. போய்ப் பாருங்கள், ஆனால் அது ஆட்கள் குடியிருக்கும் வீடு, எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது மரியாதை இல்லை.

சண்டைக் காலத்தில் என்ன ஆனது?

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன்மேல் குண்டு போட்டன. விமானம் வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற ஜனங்கள் ஏராளமாகச் செத்தார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர்க்காரர்கள் காலையில்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள், 1945 செப்டம்பர் வரை இருந்தார்கள்.

அந்த மூன்றேமுக்கால் வருஷம் ஊருக்குக் கடிதம் இல்லை, பணம் இல்லை. ஜப்பான் அச்சடித்த நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் வாழைமர நோட்டு என்றார்கள். நல்ல வெள்ளியில், அதாவது மலாயா டாலரில், கடன் வாங்கியவர்கள் அந்த நோட்டில் திருப்பிக் கட்டினார்கள், வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாத காலம். சண்டை முடிந்ததும் அது வெறும் காகிதம். எங்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தது. சின்ன வயதில் அதை வைத்துத்தான் கடை விளையாட்டு விளையாடினோம்.

அப்புறம் ஏன் திரும்பி வந்துவிட்டார்கள்?

பல காரணங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. 1951இல் வட்டிக்கடைச் சட்டம் வந்து லைசென்சும் வட்டி வரம்பும் வைத்தது. குடியேற்றக் கட்டுப்பாடு இறுகியதால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றும் பழைய முறை நடக்கவில்லை. 1957இல் சுதந்திரம் வந்தபோது அந்த நாட்டுக் குடிமகனாவதா, ஊருக்கு வருவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சலுகையும் போனது, வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி கட்டாயமானது. பேங்குகள் சின்னக் கடைக்காரருக்கும் கதவைத் திறந்தன. இது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இங்கே இருந்தது: பேரன்கள் படித்தார்கள். அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய பிறகு, பையனைப் பெட்டியடிக்கு அனுப்பும் யோசனையே வீடுகளில் மெல்லப் போய்விட்டது.

இப்போது போனால் என்ன இருக்கிறது?

சத்தம் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு இப்போது லிட்டில் இந்தியா என்று பெயர். மார்க்கெட் தெரு முக்கில் பாட்டுக் கடை பெட்டி அலறும். புடவை, பூமாலை, மசாலா, நகை, பணமாற்றுக் கடைகள். வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். "எத்தன வெள்ளி?" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் மலரும்.

கட்டடங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. சண்டைக்குப் பின் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாட்டால் பழைய வீடுகளின் வாடகை உயரவே இல்லை, வீட்டுக்காரர்கள் இடிக்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. அந்தச் சட்டம் 2000 தொடக்கத்தில் முடிந்தது. வாடகை ஏறியதும் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு காபிக் கடையும் தங்கும் விடுதியும் வந்தன. சுவர் பிழைத்தது, குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். நமக்கு இது புதிதா? நம் செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். இங்கேயும் பூட்டிய வீடுகள், ஹோட்டலான வீடுகள். தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன.

நம் வீட்டில் அந்தத் தெருவின் அடையாளம் எதுவும் இருக்குமா?

அடுப்படியைப் பாருங்கள். மங்குச் சாமான் இருக்கிறதா? மலாயில் மங்கோக் என்றால் கிண்ணம். எனாமல் அடுக்குக் கேரியர், பூப்போட்ட தட்டு எல்லாம் கப்பலில் வந்தவையே. பெட்டகத்தில் உண்டியல் என்ற பணம் அனுப்பும் சீட்டின் ரசீது, கடைச் சீல், பழைய பேரேடு கிடைக்கலாம். பழைய காகிதக்காரருக்குப் போடும் முன் ஒரு தடவை புரட்டுங்கள். எங்கள் பங்காளி வீட்டில் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது இரண்டு மூட்டைப் பேரேட்டை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கிலோ என்ன விலைக்குப் போனது என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஐயா இருந்த கட்டடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியலாம். உங்கள் கையில் முதலில் இருக்க வேண்டியது விலாசம், அந்தத் தலைப்பெழுத்துகள். பழைய கடித உறை கிடைத்தால் கதவு எண்ணும் இருக்கும். அங்கே போய்க் கோயில் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் விலாசத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஊர்ப் பெயரையும் நகரத்தாரில் எந்தக் கோயில் பிரிவு என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு சுலபமாக ஓடும்.

நான் போனபோது கையில் ஒரு உறை மட்டும் இருந்தது. எண் பார்த்துப் போனால் புடவைக் கடை. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக் கடைக்காரர், "என்னாங்க வேணும்?" என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஒரு முக்காலியை எடுத்து அஞ்சடியில் போட்டார். அப்புறம் உள்ளே கூட்டிப்போனார். புடவை ராக்குகளுக்குப் பின்னால் நீளமாகப் போகிறது கூடம். தரையில் பழைய சிவப்புத் தளம், சுவரோரம் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறம் மங்கிய சதுரங்கள். பீரோக்கள் நின்ற தடம் என்று அவரே சொன்னார். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் காலால் அளந்தேன். ஆறு அடி வரவில்லை.

தேவகோட்டையில் இருக்கும் என் ஆச்சிக்குப் போன் போட்டேன். எங்களில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். எடுத்ததும், "ஐயா இருந்த எடம் எம்புட்டுப் பெருசுடா?" என்றது.

"நம்ம வளவுல ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்குல்ல," என்றேன், "அதுல பாதி."